ஏவுகிறவர் ஒருவர், கூலி கொடுக்கிறவர் வேறொருவர்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில், ஜொகூர் எல்லையை அணுகிக் கிடக்கும் சுங்கை ரம்பாயும், அதனைச் சூழ்ந்த மெர்லிமாவ், செர்க்காம் வட்டாரங்களும், ஒரு காலத்தில் பால்மரத்தையும் பின்னர் செம்பனையையும் நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் இருப்பிடங்கள். அக்குடும்பங்களின் இன்றைய தலைமுறை, விடியுமுன் பெரட்டுக் களத்தில் கூடிக் கிராணி தன் பெயரை எப்போது அழைப்பார் என்று காத்து நிற்பதில்லை. தொழிற்சாலைப் பேருந்து ஏறிப் பத்து பெரண்டாமுக்கும் ஆயர் குரோவுக்கும் போகிறது, அல்லது ஏதோ ஒரு குத்தகை நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையை அணிந்துகொண்டு பள்ளிக்கூடத்தைக் கூட்டவும், மருத்துவமனைத் தாழ்வாரத்தைத் துடைக்கவும், வாயிற்காவலில் நிற்கவும் போகிறது. இவர்களுள் பலருடைய சம்பளத் துண்டில் அச்சாகியிருக்கும் பெயர் ஒன்று; நாள் முழுவதும் இவர்களை ஏவுகிற ஸ்தாபனத்தின் பெயர் வேறொன்று. இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான், தற்காலக் கூலி உழைப்பின் பெரும்பாலான அநியாயங்கள் குடிகொண்டிருக்கின்றன.

ஆள் வழங்கும் நிறுவனம் ஒன்று தன் பதிவேட்டிலுள்ள தொழிலாளரை மற்றொரு நிறுவனத்தின் வளாகத்துக்கு அனுப்புகிறது. அங்கே வேலையை வகுத்துக் கொடுப்பதும், வேகத்தை நிர்ணயிப்பதும், கழிவறைக்குப் போக அனுமதிப்பதும் மறுப்பதும், கடிந்து பேசுவதும் அந்த வளாகத்தின் மேலாளர். ஆனால், அவரால் ஒரு தீங்கு நேர்ந்து தொழிலாளி வாய் திறந்தால், ‘உன் எஜமானரிடம் போய்ச் சொல்’ என்று அவரே கைகாட்டிவிடுவார். எஜமானரிடம் போனாலோ, தம் வருவாய்க்கு ஆதாரமான வாடிக்கையாளரின் முகம் கோணுவதை அவர் எவ்வாறு சகிப்பார்? அதிகாரம் ஓரிடத்திலும் பொறுப்பு மற்றோரிடத்திலுமாகப் பிரிந்து நிற்பதே இங்கு நிகழும் துன்பங்களுக்கு மூலகாரணம் என்பதும், ஏவும் அதிகாரம் உடையவனையே பொறுப்பாளி ஆக்காத எந்தச் சீர்திருத்தமும் இதனைத் தீர்க்காது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இதனை மெய்ப்பிக்கப் பழைய சரித்திரத்தைச் சற்றே புரட்ட வேண்டியிருக்கிறது. மலாயாவின் வாணிப ரப்பர்ப் பயிருக்கு மலாக்காவே தொட்டில். 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் கன்றுகளை நட்டதிலிருந்து அக்கதை தொடங்குகிறது. அந்தத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்த முறைகள் இரண்டு. முதலாவது, குறித்த கால ஒப்பந்தத்தில் கட்டுண்டு வந்த சஞ்சிக்கூலி முறை; அது 1910-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இரண்டாவது, தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரே தம் ஊருக்குத் திரும்பிச் சென்று உற்றார் உறவினரையும் ஊராரையும் திரட்டிக்கொண்டு வரும் கங்காணி முறை. அது, திறன்பயிலாத தொழிலாளரை உதவிப் பயணத்தில் அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-இல் தடை செய்ததோடு முடிவுற்றது.

கங்காணியைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்ல நமக்கு நாவெழாது. அவர் திரட்டிய ஆட்களுள் ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ அத்தனைக்குத் தலைக்காசு பெற்றார். முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டினார். காய்ச்சலில் கிடந்தவனையும் வெட்டுக்காட்டுக்கு விரட்டுவதில் அவருக்கு நேரான லாபம் இருந்தது. ஆனாலும், இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகக் கவனிக்க வேண்டும். கங்காணி அழைத்து வந்த தொழிலாளி, சட்டத்தின் கண்ணில், கங்காணியின் ஆள் அல்லன், தோட்டத்தின் ஆள். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகிக்கொள்ளும் உரிமை அவனுக்கு ஏட்டளவிலேனும் இருந்தது. கூலியும், குடியிருப்பும், மருந்தும் தோட்ட நிர்வாகத்தின் கடமைகளாக எழுதப்பட்டிருந்தன. தொழில் இலாகா அதிகாரி லயத்துக்கு வந்து பார்வையிடும்போது, ‘இவன் என் கூலி அல்லன்’ என்று தோட்டத்துரை சொல்லிவிட முடியாது. சொல்லியிருக்கக் கூடுமானால் அவர் தயங்கியிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். கொடுமை இருந்தது, ஆனால் கொடுமைக்கு ஒரு விலாசமும் இருந்தது என்பதே நாம் சொல்ல வருவது. கங்காணி முறையை விடச் சகல விதத்திலும் நாகரிகமானதாகத் தோன்றும் இன்றைய ஆள் வழங்கும் வியாபாரம், அந்த ஒன்றை மட்டும் அழித்துவிட்டது.

அழிவு ஒரே நாளில் நிகழவில்லை. 1950-களில், சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும், ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைக் கைமாற்றத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர். 1951 முதல் 1960 வரை நடைபெற்ற இந்தத் துண்டாடலைப் பற்றிப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து 1962-இல் வெளியிட்ட அறிக்கை, அன்றைய தொழிலாளரின் கதியை அறிய விரும்புவோருக்கு இன்றும் இன்றியமையாதது. நிரந்தரக் கூலியாக இருந்தவர்கள், சிறு துண்டுகளின் புதிய உடைமையாளர்களிடம் குத்தகைக்காரர் மூலம் வேலை பெற வேண்டியவர்களானார்கள். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இந்தப் பின்னணியிலேதான். தொழிலாளரே பங்கு சேர்ந்து தோட்டத்தை வாங்கிவிட்டால், அவர்களை வெளியேற்ற எவர் வருவார் என்ற எளிய, ஆனால் துணிச்சலான சிந்தனை அது. மலாக்காவிலோ, புக்கிட் அசஹான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் குறையை முறையிட 1967-இல் கோலாலம்பூரை நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டார்கள். முறையிடும் இடம் எதுவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையற்ற தமிழர் பல்லாயிரவரைக் கப்பலேற்றியது. அவர்கள் விட்டுச் சென்ற இடத்தைப் பின்வந்த ஆண்டுகளில் குத்தகைக்காரர்கள் கொண்டுவந்த இந்தோனேசியர் நிரப்பினர். 1984-இல் இரு அரசாங்கங்களும் மேடானில் செய்துகொண்ட உடன்படிக்கை, அந்த வரவை ஒழுங்குபடுத்த முயன்றது. தோட்டத்தில் பழைய தொழிலாளிக்குக் கூட்டு ஒப்பந்தம் உண்டு, 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உண்டு, பி. பி. நாராயணன் போன்ற தலைவர்களும் உண்டு. குத்தகைக்காரரின் கீழ் வந்தவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஒரே நிரையில் குலை வெட்டும் இருவருக்குள் இப்படி ஒரு பிளவு விழுந்தபோது, அது தம்மைப் பாதிக்காது என்று நம் மக்கள் எண்ணினார்கள். அந்தக் குத்தகை முறையே அவர்களுடைய பிள்ளைகளை நகரத்து வாயிலில் எதிர்கொண்டது.

சட்டம் இதனை முன்பே கண்டிருந்தது என்பதுதான் விசித்திரம். 1955-இல் இயற்றப்பட்ட வேலைச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு, குத்தகைக்காரர் கூலியைக் கொடாது போனால், அவருக்கு வேலையை ஒப்படைத்த முதன்மையாளரும் அவரோடு கூட்டாகவும் தனித்தனியாகவும் அக்கூலிக்குப் பொறுப்பாவார் என்று சொல்லுகிறது. தோட்ட அனுபவத்தில் பழுத்த அறிவு அது. காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன், கூலிக்காரனோடு எனக்குச் சம்பந்தம் இல்லை என்னும் வாதத்துக்கு முன்கூட்டியே போட்ட தாழ்ப்பாள். ஆனால் அந்தப் பொறுப்புக்கு மூன்று வேலிகள் உண்டு: அடுத்தடுத்த மூன்று மாதக் கூலிக்கு மேல் இல்லை; கூலி கொடுபட வேண்டிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் கோர வேண்டும்; கூலியைத் தவிர வேறெதற்கும் இல்லை. அடியும் வசையும், ஓய்வு மறுப்பும், பழிவாங்கலும் அந்தப் பிரிவின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. இவற்றோடு, ‘முதன்மையாளர்’ எனப்படுபவர் தம் தொழில் அல்லது வாணிபத்தின் பொருட்டு வேலையை ஒப்படைத்தவராக இருத்தல் வேண்டும் என்பதால், அரசாங்கப் பள்ளிக்கூடம் நடத்துவது வாணிபமா என்று ஒரு வழக்கறிஞர் எழுந்து கேட்டால், அந்தக் கேள்விக்கு விடை காண்பதிலேயே 90 நாட்களும் கழிந்துவிடும்.

இந்தப் பிளவு எவ்வளவு ஆழமானது என்பதை நாடு முழுவதும் பிரத்தியட்சமாகக் கண்டது 2011-ஆம் ஆண்டில். தொழிலாளர் உரிமைக்காகப் பல்லாண்டுகள் உழைத்துவரும் வழக்கறிஞர் சார்ல்ஸ் ஹெக்டர், அசாகி கோசே என்னும் ஜப்பானிய உடைமையிலுள்ள தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த 31 பர்மியத் தொழிலாளரின் முறையீட்டை அவ்வாண்டு பிப்ரவரியில் இணையத்தில் எழுதி வெளியிட்டார். தங்கள் உரிமைகளைக் கேட்டதற்காக நாடு கடத்தப்படும் அச்சுறுத்தலுக்கு அவர்கள் உள்ளானார்கள் என்பது அந்த முறையீட்டின் சாரம். நிறுவனம் அவர்மீது 1 கோடி ரிங்கிட் கோரி அவதூறு வழக்குத் தொடுத்தது. அதன் முதன்மையான வாதம் என்ன என்பதைக் கவனிக்க வேண்டும்: இத்தொழிலாளர் எங்கள் சம்பளப் பட்டியலில் உள்ளவர்கள் அல்லர், ஆள் வழங்கும் முகவர் ஒருவரால் அனுப்பப்பட்டவர்கள், ஆகவே அவர்களை நாங்கள் நடத்திய விதம் பற்றிய பேச்சுக்கே இடமில்லை என்பது. அந்த ஆட்களின் கை, அந்த நிறுவனத்தின் இயந்திரத்தில். அவர்களின் நேரம், அந்த நிறுவனத்தின் மணியில். அவர்கள் செய்த பொருள், அந்த நிறுவனத்தின் விற்பனையில். எனினும் அவர்கள் அந்த நிறுவனத்தின் ஆட்கள் அல்லர்.

பல நாடுகளைச் சேர்ந்த உரிமை அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் ஹெக்டருக்கு ஆதரவாகக் குரல் எழுப்பின. ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தில் விசாரணை நடைபெற்று வருகையில், ஆகஸ்ட் மாதத்தில் இரு தரப்பும் சமாதானமாயின. ஹெக்டர் 1 ரிங்கிட் நஷ்டஈடும் 1 ரிங்கிட் செலவுத் தொகையும் கொடுப்பது, பத்திரிகையில் மன்னிப்புக் கோரும் அறிவிப்பு வெளியிடுவது என்று முடிந்தது. 1 கோடியில் தொடங்கி 2 ரிங்கிட்டில் முடிந்த அந்த வழக்கை வெற்றி என்பாரும் தோல்வி என்பாரும் உண்டு. இக்கட்டுரையாசிரியரின் நோக்கில் அது இரண்டும் அல்ல. உழைக்கும் இடத்தின் தலைவரும் உழைப்பவரின் தலைவரும் ஒருவரே அல்லர் என்னும் கொள்கை, எவரும் தீர்ப்புச் சொல்லாமலே, நிலைத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டவர் முறையீட்டை எடுத்துச் சொன்னவர். முறையிட்டவர்கள் அந்த வழக்கில் கட்சிக்காரர்களாகக்கூட இல்லை.

அடுத்த ஆண்டில், 2012 ஏப்ரல் 1 முதல், வேலைச் சட்டத்தில் 33ஏ என்னும் புதிய பிரிவு நடைமுறைக்கு வந்தது. ஆள் வழங்குபவர் தம்மைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அதன் விதி. மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் இதனைக் கடுமையாக எதிர்த்தது. பதிவு செய்வதென்பது, இருக்கக் கூடாத ஒரு வியாபாரத்துக்கு அந்தஸ்து வழங்குவதே என்று அது வாதிட்டது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. திருடனைத் தடுப்பதற்குப் பதிலாக அவனுக்கு இலக்கம் கொடுத்ததாக ஆகிவிட்டது என்று அன்று சிலர் பேசிக்கொண்டது சற்று மிகையே ஆயினும், புதிய பிரிவு ஏவுகிறவரின் பொறுப்பை ஓர் அங்குலம்கூட உயர்த்தவில்லை என்பது மெய். பின்னர், 2019 மார்ச் 31-ஐ எல்லையாக வைத்து, அயல்நாட்டுத் தொழிலாளரை வழங்கும் நிறுவனங்களுக்கு மனிதவள அமைச்சர் மு. குலசேகரன் முற்றுப்புள்ளி வைத்தார். அது மெச்சத் தக்க காரியம். ஆனால் உள்நாட்டுக் குடிமக்களை வைத்து நடைபெறும் குத்தகை முறைக்கு அந்தப் புள்ளி பொருந்தவில்லை. அதில் மிகப் பெரிய வாடிக்கையாளர் அரசாங்கமே.

இந்த இடத்தில் சற்றே தங்க வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, கழிவு அகற்றல், கட்டடப் பராமரிப்பு, கருவிப் பராமரிப்பு ஆகிய ஐந்து பணிகளும் 1996-இல் மூன்று தனியார் நிறுவனங்களிடம் 15 ஆண்டு உரிமமாக ஒப்படைக்கப்பட்டன. பள்ளிக்கூடங்களின் துப்புரவும் காவலும் அவ்வாறே குத்தகைக்குப் போயின. இந்த வேலைகளில் தமிழ்ப் பெண்களின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிய மிகுதி. தோட்டங்கள் கலைந்தபின் பட்டணத்தின் ஓரத்தில் குடியேறிய, பள்ளிப் படிப்பு அதிகமில்லாத நடுவயதுத் தாய்மார்களுக்கு எட்டிய வேலை இதுவே. குத்தகை வழக்கமாகச் சில ஆண்டுகளுக்கு விடப்படுகிறது. காலம் முடிந்து மற்றொரு நிறுவனம் ஏலத்தில் வென்றால், அதே பெண், அதே பள்ளியில், அதே துடைப்பத்தை எடுக்கிறார். ஆனால் சட்டத்தின் கணக்கில் அவர் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவர்.

இதன் விளைவை எண்ணிப் பார்ப்பது எளிது. வேலைச் சட்டப்படி, ஈராண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 8 நாள் விடுப்பு. இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 12 நாள். ஐந்துக்கு மேல் 16 நாள். ஒரே எஜமானரிடம் 9 ஆண்டு இடைவிடாது உழைத்தவர் பெறும் விடுப்பு 116 நாள். மூன்றாண்டுக்கு ஒருமுறை நிறுவனம் மாறி, ஒவ்வொரு முறையும் புதியவராக எண்ணப்பட்டவர் பெறுவது 84 நாள். ஒரே தாழ்வாரத்தைத் துடைத்தவரிடமிருந்து 32 நாட்கள், எவரும் எடுத்ததாகத் தெரியாமலே, மறைந்துவிடுகின்றன. நோய் விடுப்பு 14, 18, 22 என்று ஏறும் படியிலும், வேலை நீக்க முன்னறிவிப்பு 4, 6, 8 வாரம் என்று ஏறும் படியிலும், 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆண்டுக்கு 10, 15, 20 நாள் கூலி என்று ஏறும் பணிநீக்கப் பயனிலும் இவ்வாறே அவர் முதற்படியைத் தாண்டி அதிக தூரம் போவதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் உயரும்போது மட்டுமே அவருடைய சம்பளமும் உயருகிறது. 2013-இல் 900 ரிங்கிட், 2022-இல் 1,500, 2025-இல் 1,700. பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவரும் நேற்று வந்தவரும் ஒரே தொகையைப் பெறுகிறார்கள். இதில் எவரும் எவரையும் ஏசவில்லை, அடிக்கவில்லை. ஆனாலும் இதுவும் ஒருவகைத் துன்புறுத்தலே, அதுவும் அரசாங்கத்தின் கட்டடத்துக்குள்ளே நிகழ்வது.

குரல் எழுப்பினால் நேர்வது என்ன? ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில், துப்புரவுத் தொழிலாளரைக் குத்தகை நிறுவனம் நடத்திய விதத்தை எதிர்த்து 2020 ஜூன் 2-ஆம் தேதி மறியல் செய்த தொழிற்சங்கத்தினரும் ஆதரவாளருமாக ஐவர் கைது செய்யப்பட்டனர். சங்கத்தின் செயலாளர் எம். சரஸ்வதியும் அவர்களுள் ஒருவர். பெருந்தொற்றின் நடுவே, நோயாளிகளின் அறைகளைத் துடைத்துச் சுத்தம் செய்வோரை நாடே வாழ்த்திக்கொண்டிருந்த காலம் அது.

கைதும் வழக்கும் வெளிப்படையானவை. ஆகையால் அவை அபூர்வம். அன்றாடம் நடப்பது ஓசையற்றது. வாடிக்கை நிறுவனத்தின் மேலாளருக்கு ஒரு தொழிலாளியைப் பிடிக்கவில்லையானால், அவர் விசாரணை வைக்க வேண்டியதில்லை, காரணம் எழுத வேண்டியதில்லை. ‘நாளை முதல் இந்த ஆளை அனுப்ப வேண்டாம்’ என்று ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். ஆள் வழங்கியவரோ, ‘உன்னை நான் நீக்கவில்லை, வேறு இடம் வரும்வரை வீட்டில் இரு’ என்கிறார். 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, நீக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும் என்கிறது. இங்கே நீக்கியவர் யார், நீக்கிய நாள் எது என்பதே புலப்படுவதற்குள் அந்த 60 நாட்கள் ஓடிவிடுகின்றன.

பாலியல் தொல்லை விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் மோசமானது. 2012-இல் வேலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பகுதி, தொழிலாளி மற்றொரு தொழிலாளிமீது செய்யும் புகார், தொழிலாளி எஜமானர்மீது செய்யும் புகார், எஜமானர் தொழிலாளிமீது செய்யும் புகார் என்று மூவகையைச் சொல்லி, அவற்றை எஜமானர் விசாரிக்க வேண்டும் என்கிறது. குத்தகை நிறுவனத்தின் பெண் ஒருவர், தாம் வேலை செய்யும் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர்மீது புகார் செய்தால், அவர் இவருக்குச் சகதொழிலாளியும் அல்லர், எஜமானரும் அல்லர். 2022-ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் தனியே ஒரு தீர்ப்பாயத்தை ஏற்படுத்தியது; அது இந்த இடைவெளியை அடைக்க உதவும். ஆனால் தீர்ப்பாயத்துக்குப் போன பெண்ணை மறுநாள் ‘அனுப்ப வேண்டாம்’ என்று சொல்லுவதை அது எவ்வாறு தடுக்கும்?

அயல்நாட்டாரின் நிலை இதனினும் கொடியது. அவர்களுக்கு வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் போகிறது. பிறருடைய கடப்பிதழை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்றிருந்தும், முகவரின் இரும்புப் பெட்டியில் கடப்பிதழ்கள் அடுக்கப்பட்டிருந்தன. வெரிட்டே என்னும் அமைப்பு மின்னணுத் தொழிலாளர் 501 பேரை விசாரித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு, அயல்நாட்டாருள் 32 விழுக்காட்டினர் கட்டாய உழைப்பின் நிலையில் இருந்ததாகக் கண்டது. உள்நாட்டு ஆலோசனையும் வேண்டுகோளும் அசைக்காததை அமெரிக்கச் சுங்க இலாகா அசைத்தது. 2020 செப்டம்பரில் எப்.ஜி.வி. நிறுவனத்தின் செம்பனை எண்ணெய்க்கும், அவ்வாண்டு டிசம்பரில், மலாக்காவிலும் தோட்டங்களை உடைய சைம் டார்பி பிளாண்டேஷன் நிறுவனத்தின் எண்ணெய்க்கும் அது தடை விதித்தது. சைம் டார்பி தன் வழிமுறைகளைத் திருத்தியபின், 2023 பிப்ரவரியில் அதன்மேலிருந்த தடை நீங்கியது. ஆளைக் கொண்டுவந்தவர் யார், முகவர் யார், சம்பளப் பட்டியல் எவருடையது என்னும் பாகுபாடுகளுக்கு அங்கே செல்வாக்கில்லை. எண்ணெய் எவருடையதோ அவரே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அயலார் நமக்குக் கற்பித்தார்கள் என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கற்கத் தக்கதைக் கற்றால் போதும்.

இந்தியாவின் அனுபவம் இருமுகமானது. கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை ஒன்றின் உடைமையாளர், தொழிலாளர் எல்லோரும் குத்தகைக்காரரின் ஆட்கள் என்று வாதிட்டபோது, 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ண ஐயர் அந்தத் திரையை விலக்கி, எவருடைய பொருளாதார ஆதிக்கத்தில் அவர்கள் பிழைப்பு இருக்கிறதோ அவரே மெய்யான எஜமானர் என்று தீர்மானித்தார். 1981-இல் தமிழ்நாடு இயற்றிய சட்டம், 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து உழைத்தவருக்கு நிரந்தர அந்தஸ்து வழங்க வேண்டும் என்றது. 2001-இலோ, இந்திய எஃகு ஆணைய வழக்கில், குத்தகை முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே முதன்மையாளரின் ஆட்களாகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிற்று. குத்தகை வெறும் வேஷம் என்று நிரூபிக்கும் சுமை உழைப்பவரின் தலைமேல் விழுந்தது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில், தங்கள் வேலை தனியாரிடம் போவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் நாட்கணக்கில் அமர்ந்திருந்து அப்புறப்படுத்தப்பட்டதைக் கண்டவர்கள், சட்டப் புத்தகத்தில் 480 என்னும் எண் இருப்பதனால் மட்டும் விடிவு வந்துவிடாது என்பதை அறிவார்கள்.

தொழில் நடத்துவோர் தரப்பிலும் சொல்லத் தக்கது இருக்கிறது. வேலை ஒரே சீராக வருவதில்லை. பருவத்துக்கு ஆள் கூட்டவும் குறைக்கவும் வேண்டியிருக்கிறது. சிறு நிறுவனம் ஒன்று காவலுக்கும் துப்புரவுக்கும் தனித்தனி நிர்வாகம் வைத்துக்கொள்ள இயலாது. இவை மெய்யான காரணங்கள். ஆனால் இவற்றுள் எதுவும், ஆளை வாடகைக்கு எடுத்தவர் அந்த ஆளைக் கண்ணியமாக நடத்தும் கடமையிலிருந்து விடுபட வேண்டும் என்று நிரூபிக்கவில்லை. நம் சட்டமே வேறு சில இடங்களில் இதனை ஒப்புக்கொண்டிருக்கிறது. 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தன் ஆளுகைக்குட்பட்ட விஷயங்களில் குத்தகைக்காரரின் ஆட்களையும் தன் ஆட்களாகவே எண்ணிக் காக்க வேண்டும் என்று எஜமானருக்குக் கட்டளையிடுகிறது. தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் 1990-இல் செய்த குடியிருப்புத் தரச் சட்டம், 2020 ஜூன் முதல் ஏனைய தொழில்களுக்கும் விரிந்தது. எலும்பு முறிந்தால் பொறுப்பு உண்டு, கூரை ஒழுகினால் பொறுப்பு உண்டு, அவமானத்துக்கும் பழிவாங்கலுக்கும் மட்டும் இல்லை என்னும் நிலை எந்தத் தர்க்கத்துக்கும் அடங்காது.

ஆகவே கோரிக்கை பெரியதன்று. 33-ஆவது பிரிவின் பொறுப்பு கூலியோடு நில்லாமல், வேலையிடத்தில் நிகழும் துன்புறுத்தலுக்கும், வாடிக்கை நிறுவனத்தின் சொல்லால் ஏற்படும் வேலை இழப்புக்கும் விரிய வேண்டும். அரசாங்க அலுவலகங்களும் ஐயத்துக்கிடமின்றி அதற்குள் அடங்க வேண்டும். இதற்குப் பாராளுமன்றம் கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத பகுதியும் உண்டு: பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் குத்தகை விடும் அமைச்சுகள், புதிய குத்தகைக்காரர் பழைய தொழிலாளரை அவர்தம் சேவைக் காலத்தோடு ஏற்க வேண்டும் என்னும் ஒரு ஷரத்தை ஏல ஆவணத்திலேயே எழுதிவிடலாம். தமிழ்ப் பிரதிநிதிகளும் தொழிற்சங்கங்களும் அடுத்த குத்தகைக் காலம் தொடங்குமுன் கேட்க வேண்டியது இந்த ஒன்றையே.

அதுவரை, சுங்கை ரம்பாயிலும் பிற ஊர்களிலும் குத்தகைச் சட்டை அணிந்து வேலைக்குப் போகிறவர்கள், சம்பளத் துண்டுகளைக் கிழித்தெறியாமல் சேர்த்து வைப்பார்களாக. எந்த இடத்தில், எவருடைய ஏவலில் வேலை செய்தோம் என்பதை நாள்தோறும் குறித்து வைப்பார்களாக. நிலுவைக் கூலியை வேலை கொடுத்த முதன்மையாளரிடம் கோர 90 நாள். வேலை நீக்கத்துக்கு எதிராக முறையிட 60 நாள்.